எத்தின படி?

எங்கள் ஊரில் புது வீடு கட்டினால் எத்தனை அறை, என்ன கூரை என்று கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "எத்தின படி?" வாசலுக்கு ஏற எத்தனை படி வைத்திருக்கிறீர்கள் என்பது அதன் பொருள். ஒன்று என்றால் கேட்டவர் "ஆ" என்று இழுத்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். மூன்று என்றால் புருவம் உயரும். ஐந்து என்றால், பெண்ணைப் பெற்றவர் கெட்டிக்காரர் என்று ஊரே சொல்லும்.

சாய்ந்தமருதில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு வளவு, மதிலுக்குள் ஒரு துண்டு நிலம். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். வாப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள். ஆகவே உள்ள வளவையே மூன்றாகப் பிரித்தார். கேற்றுக்குப் பக்கத்தில் மூத்தவரான என் அக்கா, ராத்தாவின் வீடு, சுனாமிக் கடல் வந்து போன பிறகு கட்டியது, ஒரு படி. நடுவில் என் வீடு, மூன்று படி. பின்பக்கத்துப் பழைய வீட்டில் வாப்பாவும் கடைசித் தங்கச்சியும் இருந்தார்கள். உம்மா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து நாலு வருசம். தங்கச்சிக்கு மாப்பிள்ளை சரிவந்ததும் அந்த வீட்டை இடித்துவிட்டு ஐந்து படியில் கட்டுவதாக வாப்பா முடிவெடுத்திருந்தார்.

படி உயர வேண்டுமென்றால் நிலம் உயர வேண்டும். அதற்காக உள்பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து லொறி லொறியாகக் கிரவல் வரும். சிவப்பாக, கல்லும் களியும் கலந்த மண். கொட்டி, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்கினால் சீமெந்து மாதிரி இறுகிவிடும். அதன்மேல் கட்டிய வீட்டுக்குள் மாரி வெள்ளம் ஏறாது. அது உண்மைதான். ஏறாத தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. என் வீட்டுக்கு மண் போட்டபோது நானும் கேட்கவில்லை. புதுப்பெண்ணுக்கு யோசிக்க வேறு எத்தனையோ விசயம் இருந்தது.

கலியாணம் முடித்து வந்த முதல் மாரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை விட்ட காலை. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு என்னுடைய மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே ராத்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தும்புத்தடியால் வீட்டுக்குள்ளிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ராத்தா, தண்ணி வந்திட்டா?" என்று மேலிருந்து கேட்டேன்.

"ஓம் புள்ள, விருந்தாளி வந்திரிக்கி" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவருடைய வீட்டுக்குள் அதற்கு முன்னர் ஒரு மாரியிலும் தண்ணீர் வந்ததில்லை.

அதோடு நின்றேனா? நான் பள்ளிக்கூடத்து ரீச்சர். காலையில் ஏழு மணிக்கு முன்னால் வீட்டை விட்டு இறங்க வேண்டும். முற்றத்து மண் காலில் ஒட்டி வீட்டுக்குள் வருகிறது என்று சொல்லி, மூன்றாம் வருசம் முற்றம் முழுவதற்கும் சீமெந்து போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டால் பளபளவென்று கிடக்கும். யார் வந்தாலும் "ரீச்சர்ர முத்தத்தில சோறு போட்டுத் தின்னலாம்" என்பார்கள். நான் பூரித்துப் போவேன். பிறகு கேற்றுக்கு வெளியே போகிற ஒழுங்கையும் கொங்கிரீட் போட்டு உயர்ந்தது. பின்னால் என் முற்றம், முன்னால் ஒழுங்கை, நடுவில் ராத்தாவின் ஒற்றைப் படி.

ராத்தா வீட்டிலிருந்து துணி தைத்துக் கொடுப்பவர். கலியாண உடுப்புத் தைப்பதில் எங்கள் பக்கத்தில் அவரை அடிக்க ஆளில்லை. மருதமுனையிலிருந்துகூடத் துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அவருடைய கதிரையில் எப்போதும் ஒரு தடித்த பலகை போட்டு, அதன்மேல் தலையணை வைத்திருப்பார். அந்த உயரத்தில் உட்கார்ந்து அவர் தைப்பதைப் பார்த்து, எங்கள் பள்ளிக்கூடத்து அதிபரின் நினைப்பில் நான் "அதிபர் கதிரை" என்று பெயர் வைத்தேன். "அதிபர் இரிக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் அந்த வீட்டுக்குள் போவேன். ராத்தாவும் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "ரீச்சர் ஏன் லேட்?" என்பார்.

போன மாரிக்கு முந்திய மாரியில் அந்தப் பகிடியும் முடிந்தது. ஒரே காலையில் தண்ணீர் முழங்கால் மட்டத்துக்கு ஏறியது. அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பெண்ணின் கலியாண உடுப்பு இருந்தது. அடுத்த வாரம் கொடுக்க வேண்டியது, பால் நிறம். தண்ணீர் வடிந்தபோது அது முழுக்கக் கிரவல் சிவப்பு. ராத்தா இரண்டு நாளாக அதை அலசினார். சிவப்புப் போகவில்லை. அது என் வீட்டுக்குப் போட்ட மண்ணின் சிவப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வாப்பாவிடம் வந்து ராத்தா சொன்னார். "வாப்பா, நான் இனி இந்த வளவில இரிக்கமாட்டன். மச்சான்ட ஆக்கள் அட்டாளைச்சேனையில ஒரு துண்டுக் காணி பாத்திரிக்காங்க. தங்கச்சிட கலியாணம் முடிய நாங்க போறம்."

மச்சான் என்று அவர் சொன்னது தன் மாப்பிள்ளையை. கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. சந்தைக்குப் போய்வருகிறேன் என்பதுபோலச் சொன்னார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை உம்மாவின் வளவை விட்டுப் போவதில்லை. மௌத்தாகி, சந்தூக்கில் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த வருசம்தான் அவர் வயதுபோனவராகத் தெரிய ஆரம்பித்தார்.

இனித் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பல்கலைக்கழகத்தில் நிலத்தை வடிவமைக்கிற படிப்புப் படித்தவள். பூங்கா, முற்றம், மழைத்தண்ணீர் போகிற வழி என்று படம் கீறுகிற வேலை. கல்முனையில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருக்கிறாள். "பூமரம் நடுறதுக்கா நாலு வருசம் படிச்சாய்?" என்று நான் அவளைப் பகிடி பண்ணாத பெருநாள் இல்லை. அவளும் திருப்பிச் சண்டைக்கு வரமாட்டாள். ஆறுதலாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குள் இவ்வளவு பிடிவாதம் இருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மாப்பிள்ளை சரிவந்து, பழைய வீட்டை இடித்தாயிற்று. வாப்பாவும் தங்கச்சியும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலை முதல் லொறி கிரவல் கேற்றடிக்கு வந்தது. தங்கச்சி உள்ளேயிருந்து தன் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போய்க் கேற்றுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, திறப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, வழி விடுங்க" என்றார் லொறிக்காரர்.

"மண் வேணாம் நானா. திருப்பிக் கொண்டுபோங்க."

"உங்கட வாப்பா ஹாஜியார்தானே கொண்டுவரச் சொன்ன?"

"வீடு எனக்குத்தானே. நான்தான் வேணாமெண்டு சொல்றன். குறை நினைக்காதீங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

லொறிக்காரர் தேத்தண்ணி குடித்துவிட்டு மண்ணோடு திரும்பிப் போனார். வாப்பா கரைவலைக்காரராக இருந்தவர். கரையில் வலை இழுக்கிற நாற்பது பேரை ஒரே சத்தத்தில் நிறுத்துகிற குரல். அன்றைக்கு அந்தக் குரல் முழுவதையும் தங்கச்சியின் தலையில் கொட்டினார். ஒற்றைப் படியில் வீடு கட்டினால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அடுத்த ஆறு நாள் வாப்பா அவளோடு கதைக்கவில்லை.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வாப்பா வந்ததும் வழக்கம்போல ஒரு சஹனில் சோறு போட்டு, வாப்பாவும் நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். பெரிய தட்டு, நாலு பக்கத்தில் நாலு பேர். ராத்தா எனக்கு எதிர்ப்பக்கம். தங்கச்சி குசினித் துணியை நாலாக மடித்து என் பக்கத்துச் சஹனுக்குக் கீழே செருகினாள். பிறகு நடுவில் குழம்பை, எங்கள் ஆணத்தை ஊற்றினாள். ஆணம் சோற்றுக்குள்ளால் ஊர்ந்து ராத்தாவின் பக்கம் போய்த் தேங்கியது. ராத்தா என்ன செய்தார் தெரியுமா? யோசிக்கவேயில்லை. கையால் சோற்றைக் கூட்டித் தன் முன்னால் ஒரு வரம்பு கட்டினார். மாரி தோறும் வாசலில் மண்மூடை அடுக்கிய கை அது.

"தங்கச்சி, இது என்ன விளையாட்டு?" என்றேன் நான்.

"நான் ஒண்டும் சொல்லல்ல சின்ன ராத்தா. வாப்பா பாத்தாச் சரி."

வாப்பா அந்தச் சோற்று வரம்பைப் பார்த்தார். பிறகு ராத்தாவின் முகத்தைப் பார்த்தார். ராத்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது, கையை இழுத்துக்கொண்டார். வாப்பா சஹனுக்குக் கீழேயிருந்த துணியை உருவி எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பிஸ்மி சொல்லித் தின்னுங்க" என்றார். கை கழுவும்போதுதான் தங்கச்சியிடம் வாய் திறந்தார். "என்ன செய்யணுமெண்டு சொல்லு."

அவள் முதலில் செய்தது ஒரு குழி வெட்டியதுதான். என் வீட்டுக்குப் பின்பக்கத்தில், வீடு கட்ட வந்த மேசனை அலவாங்குக் கடப்பாரையால் தோண்டச் சொன்னாள். முழங்கால் ஆழத்துக்குச் சிவப்பு மண். அலவாங்கு பட்டால் டங்கென்று சத்தம் கேட்கும். மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். அது அப்படியே கிடந்தது, வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் மேசனின் அலவாங்கு சத்தமில்லாமல் இறங்கியது. கீழே வெள்ளை மணல். இன்னொரு வாளியை அந்தக் குழிக்குள் ஊற்றினாள். அவள் வாளியைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் தண்ணீரைக் காணவில்லை.

வாப்பா குந்தி உட்கார்ந்து ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். சின்னச் சிப்பித் துண்டுகள் மினுங்கின. "இது நம்மட கடக்கரை மண்ணுடி" என்றார். எத்தனையோ வருசம் வலை இழுத்து நின்ற மண், வீட்டுக்குக் கீழே கிடந்திருக்கிறது. தண்ணீரைக் குடிக்கிற மண்ணை வைத்துக்கொண்டு, குடிக்காத மண்ணைத் தூர இடத்திலிருந்து கொண்டுவந்து அதன் வாயை நாங்களே மூடியிருக்கிறோம். எனக்கு அந்தக் குழியைப் பார்க்கப் பார்க்க என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்த சோதனை மாப்பிள்ளையின் உம்மா. வீட்டுப் படத்தைப் பார்க்க வந்திருந்தார். தட்டில் வைத்த பலகாரத்தைத் தொடுவதற்கு முன்னால் கேட்டார். "எத்தின படி?"

வாப்பா என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். தங்கச்சிதான் சொன்னாள். "ஒரு படி மாமி."

மாமி பலகாரத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"மூணு படி, அஞ்சு படி வைக்க ஏலாதா? உங்கட ரெண்டாவது புள்ளைக்கு மூணு வச்சிரிக்கே."

"ஏலும் மாமி. வச்சா எங்கட பெரிய ராத்தாட வீட்டுக்குள்ள தண்ணி போகும். அவங்க வளவை விட்டுப் போயிருவாங்க. ராத்தாவைக் கலைச்சிட்டு நான் உசந்த வீட்டில இரிக்க விரும்பல்ல."

நான் மூன்று படியில் இருப்பவள். அந்தச் சொல் என்னையும் சுட்டது. அவள் என்னைக் குத்திச் சொல்லவில்லை என்பது தெரியும். இருந்தாலும் சுட்டது. மாமி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் வாப்பா கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஆள் அனுப்பிச் செய்தி வந்தது. ஒரு படி போதுமாம். ஆனால் அந்தப் படி நல்ல அகலமாக, நாலு பேர் உட்காருகிற மாதிரி இருக்க வேண்டுமாம். அந்த மனிசியை அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது.

ராத்தாவிடமும் தங்கச்சி போய்க் கேட்டாள். ராத்தா தைப்பதை நிறுத்தாமலே சொன்னார். "ஒரு மாரி பாப்பன். தண்ணி படி தாண்டி உள்ள வந்தா, நான் போயிருவன். பொறகு என்னைத் தடுக்கப்படாது." அவ்வளவுதான். எங்கள் குடும்பம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

வேலை தொடங்கியபோது முதல் அடி என் முற்றத்தில்தான் விழுந்தது. என் பளபளச் சீமெந்தை உடைத்தார்கள். சம்மதம் சொன்னவள் நான்தான் என்றாலும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த இடிபாட்டைப் பார்க்க அழுகை வந்தது. தங்கச்சி வேலைக்குப் போக முன்னர் விடியவும், பின்னேரம் வந்து அஸர் தொழுத பிறகும் மேசனோடு நிற்பாள். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை ஒரு முனையில் அவர் பிடிக்க, மறுமுனையில் இவள் பிடித்து மட்டம் பார்ப்பாள். ஒரு விரல் கூடினாலும் மறுபடி கிளப்பச் சொல்வாள். முழு வளவும் ராத்தாவின் வீட்டை விட்டு விலகிச் சரிய வேண்டும் என்பது அவள் கணக்கு. என் வீட்டுக்கும் ராத்தாவின் வீட்டுக்கும் நடுவே நீளமாக ஒரு பள்ளம். அந்த இடத்தில் கிரவலை முழுவதுமாக எடுத்து, கடற்கரை மண் தெரியும்வரை இறக்கினாள். கிணற்றுக்கும் கக்கூசுக் குழிக்கும் தூரமாக. மூன்று கூரைப் பீலிகளின் தண்ணீரும் அதற்குள் விழும்.

மற்ற இடமெல்லாம் இன்டர்லொக் கல். கடையில் பார்த்திருப்பீர்கள், இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, கீழே சீமெந்தும் போடுவார்கள். இவள் கிரவலை அள்ளிவிட்டுக் கீழே சல்லிக்கல் பரப்பினாள், அதன்மேல் சின்னக் கல், அதன்மேல்தான் கல் பாவினாள். கல்லுக்கும் கல்லுக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டு அதற்குள் பொடிக்கல்லை நிரப்பினாள். மழை அந்த இடைவெளியால் இறங்கி, கீழே தங்கி, ஆறுதலாக மணலுக்குள் போகும். மாரி உச்சத்தில் மணலுக்குக் கீழேயும் தண்ணீர் நிறைந்துவிடும், அப்போது மண் குடிக்காது என்று அவளே சொன்னாள். அதற்காகப் பள்ளத்தின் ஓரத்தில், ராத்தாவின் படிக்கு ஒரு சாண் கீழாக ஒரு குழாய் வைத்தாள். மிஞ்சினால் அது ஒழுங்கைக் கான் வாய்க்காலுக்குப் போய், அங்கிருந்து கடலில் சேருகிற தோணா ஓடைக்குப் போகும். தன் வேலையால் முடியாதது எது என்பதையும் சேர்த்து யோசித்து வைத்திருந்தாளே, அதுதான் எனக்குப் பெரிய விசயமாகத் தெரிந்தது.

பள்ளத்துக்குள் கல்வாழையும் வெட்டிவேரும் நட்டாள். பக்கத்து வளவுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, வளவுக்குள்ள வட்டை செய்றீங்களா? பெரும்போகமா சிறுபோகமா?" என்று கேட்டார். வயலை நாங்கள் வட்டை என்போம். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அந்தப் பள்ளத்துக்குப் பெயர் வட்டைதான்.

இந்த இடத்தில் நான் செய்த வேலையைச் சொல்லாமல் தப்பிக்கலாம். ஆனால் அது நியாயமில்லை.

கலியாணத்துக்கு நாலு நாள் இருந்தது. என் வாசலுக்கு முன்னால் பாவிய கல்லின் இடைவெளிகளை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். புல் முளைக்கும், எறும்பு வரும், விருந்துக்கு வருகிற பெண்களின் உயரக் குதிச் செருப்பு அதற்குள் இறுகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது முடிக்காத வேலை மாதிரி இருந்தது. மேசனிடம் மெல்லக் கேட்டேன். அவருக்கும் அதே குறை. "எனக்கும் மனசு வரல்ல ரீச்சர். வேல முடிஞ்ச மாதிரியே இல்ல" என்றார். தங்கச்சி அலுவலகத்தில் இருந்தாள். இரண்டு பேருமாகச் சீமெந்தைத் தண்ணியாகக் கரைத்து, என் வாசலுக்கு முன்னால் முழுவதும் ஊற்றித் துடைத்துவிட்டோம். மேலே மெல்லிசாகப் பொடிக்கல்லையும் தூவினேன், தெரியாமலிருக்க. பிள்ளைகள் பரீட்சையில் பார்த்து எழுதினால் காதைப் பிடித்துத் திருகுகிற நான் இதைச் செய்தேன்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. மாமி வந்து அந்த அகலப் படியில் இன்னும் மூன்று பெண்களோடு உட்கார்ந்து, "நல்ல காத்து" என்றார். நாலாம் நாள் பின்னேரம், மாரி தொடங்குவதற்கு முன்னால் வருகிற இடிமழை ஒன்று வந்தது. ஒரு மணித்தியாலம்கூடப் பெய்யவில்லை. என் முற்றத்துத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இறங்காமல் ஒரேயடியாக ஓடிப்போய் வட்டையை நிரப்பி, குழாய் இழுக்கிற வேகத்தையும் தாண்டி ராத்தாவின் பக்கம் வழிந்தது. படி தாண்டி, இரண்டு விரல் தண்ணீர் உள்ளே போனது.

நான் ஓடிப் போனபோது ராத்தா கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்து உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கச்சி வாசலில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் மருதோண்டி இன்னும் சிவப்பாக இருந்தது. "கணக்குப் பிழைக்கல்லையே... எங்க பிழைச்சிச்சி?" என்று தனக்குள்ளே சொன்னாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

"நீ பிழைக்கல்ல. நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ராத்தா, இது இவட தண்ணி இல்ல, என்ட தண்ணி. முதல்ல வந்ததும் என்ட தண்ணிதான். போறெண்டா என்னோட கோவிச்சிட்டுப் போங்க. இவட வேலையைக் குறை சொல்லிப் போகாதீங்க."

ராத்தா கையிலிருந்த சேலையை மடித்தபடி என்னைப் பார்த்தார். அந்தப் பத்துப் பன்னிரண்டு வருசத்தில் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மடித்த சேலையைக் கட்டிலில் வைத்தார். பெட்டியையும் மூடவில்லை, மேலே அடுக்கவும் இல்லை.

தங்கச்சி என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். அவள் வீட்டுக்குள் போய் திருகாணி முடுக்குகிற இரண்டு திருப்புளியும் ஒரு சின்னச் சுத்தியலும் கொண்டுவந்து, ஒன்றை என் கையில் தந்தாள். "மேல இறுகினதுதான். ஒரு அங்குலம் கிளப்பினாச் சரி. வாங்க." புதுப்பெண்ணும் ரீச்சரும் முற்றத்தில் குந்தியிருந்து கல் இடுக்குக் கிண்டுவதைப் பார்க்க ஒழுங்கையே வந்தது. எட்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் மேசனும் கூலி கேட்காமல் வந்து உட்கார்ந்தார். என் விரல் நகங்கள் உடைந்து, கரும்பலகையில் எழுத முடியாமல் இருந்தது. மனதுக்கு மட்டும் அவ்வளவு நிம்மதி.

பிறகு மாரி வந்தது. உண்மையான மாரி, இரண்டு நாள் இரண்டு இரவு விடாமல். மூன்றாம் நாள் விடியச் சுபஹ் தொழுதுவிட்டு நான் கதவைத் திறந்தேன். மழை தூறலாகிவிட்டிருந்தது. என் முற்றத்தில் தண்ணீர் நிற்கவில்லை, கல்லிடுக்குகள் கறுப்பாக நனைந்து கிடந்தன. வட்டை விளிம்புவரை நிறைந்து, கல்வாழை இடுப்பளவு தண்ணீரில் நின்றது. குழாய் ஒழுங்கைப் பக்கம் கடகடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ராத்தாவின் படி காய்ந்து இருந்தது என்று சொன்னால் பொய். மழைச்சாரலில் நனைந்திருந்தது. ஆனால் தண்ணீர் அதன் அடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி நின்றது. எனக்கு முன்பே தங்கச்சி அங்கே வந்து, குடைகூட இல்லாமல், அந்த ஒரு சாணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளுடைய தலையை முந்தானையால் துடைத்துவிட்டேன். அவளைப் போல ஒருத்தி எங்கள் வளவில் பிறந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

அதோடு மாரி முடியவில்லை, இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அந்த மழைகளில் ஒன்றும் படி தாண்டவில்லை. ராத்தாவின் பெட்டி கட்டிலுக்கு மேலேயே திறந்தபடி இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

தை பிறந்து வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை, ராத்தா என்னையும் தங்கச்சியையும் கூப்பிட்டார். போனபோது பெட்டியைக் காணவில்லை. அவர் தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இத ஒருக்காப் புடிங்க. இறக்குவம்."

"எங்க இறக்குற?" என்றேன். பிறகுதான் குனிந்து பார்த்தேன். மெசினின் நாலு காலுக்கும் கீழே மும்மூன்று செங்கல். பழைய செங்கல், பாசி பிடித்து, விளிம்பில் கிரவல் சிவப்பு. நாங்கள் தூக்கிப் பிடிக்க அவர் ஒவ்வொரு கல்லாக எடுத்தார். மெசின் தரையில் உட்கார்ந்தது. ராத்தா கதிரையிலிருந்து தலையணையை எடுத்தார், பிறகு அந்தத் தடித்த பலகையை எடுத்து என் கையில் தந்தார். வெறும் கதிரையில் உட்கார்ந்து மெசினை ஒருமுறை மிதித்துப் பார்த்தார்.

மெசின் உயர்ந்ததால்தான் கதிரை உயர்ந்திருக்கிறது. என் கலியாணம் முடிந்த முதல் மாரியிலிருந்து அவர் அந்தக் கல்லுக்கு மேலேயே தைத்திருக்கிறார், மாரியிலும் கோடையிலும். எத்தனை பெண்களின் கலியாண உடுப்பு! நான் ஒவ்வொரு நாளும் அந்த வாசலில் நின்று, அதிபர் கதிரை என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பலகையைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். ராத்தா ஊசியில் நூல் கோர்த்தபடி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"என்ன ரீச்சர், பலகையை வச்சிக்கிட்டு நிக்கிறீங்க? கொண்டுபோய் அடுப்புல வைங்க."